துயிலும் நிலையும் உடல் நலமும்



போடிநாயக்கனூர்ப் பகுதியில் இரண்டு விளைபொருள்கள் பெயர் பெற்றவை. ஒன்று மலைமேல் விளையும் ஏலம். மற்றொன்று அடிவாரத்திலும் சரிவுகளிலும் காய்க்கும் இலவம். ஏலம் மனிதரின் முதுகை வளைக்கிறது. இலவம் அதனை நிமிர்த்த உதவுகிறது. இவ்வாறு நான் கூறுவது விந்தையாகத் தோன்றலாம். விளக்குகிறேன்.

ஏலச்செடி ஆள் உயரத்திற்கும் மேலாக வளரும். ஆனால் அதன் காய்கள் உச்சியில் தொங்குவதில்லை. தூரிலிருந்து புறப்பட்டுத் தரையை ஒட்டிப் படரும் சரங்களிலேயே அவை காய்க்கின்றன. ஆதலால், காய் எடுக்கும் பெண்கள் நாள் முழுவதும் குனிந்தோ குந்தியோதான் வேலை செய்ய வேண்டும். விடியுமுன் போடியிலிருந்து ஜீப்பில் புறப்பட்டு, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு ஏறி, அப்பால் இடுக்கி மாவட்டத் தோட்டங்களில் உழைத்துவிட்டு, அதே வழியில் திரும்புவோர் பலர். அவர்களுடைய முதுகெலும்புக்குக் கிடைக்கும் ஓய்வு, இரவில் உறங்கும் சில மணி நேரமே. அந்த நேரத்திலும் உடல் கோணிக் கிடந்தால், மறுநாட் காலை வலியோடுதான் விடியும். நாளெல்லாம் புத்தகத்தின் மீதும் கைபேசியின் மீதும் தலை கவிழ்ந்திருக்கும் மாணவர்களுக்கும் இது பொருந்தும்.

முதுகெலும்பு நேரான கோல் அன்று. கழுத்திலும் இடுப்பிலும் முன்புறமாகவும், மார்புப் பகுதியில் பின்புறமாகவும் மெல்ல வளைந்தது. நிமிர்ந்து நிற்கும்போது அதற்குள்ள இயல்பான அமைப்பு, படுத்திருக்கும்போதும் குலையலாகாது. இந்த ஒரு விதியை மனத்தில் கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

ஒருக்களித்துப் படுப்பது பெரும்பாலோர்க்கு ஏற்றது. அப்போது தோளின் அகலத்தால் தலைக்கும் படுக்கைக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டாகிறது. தலையணை அந்த இடைவெளியை நிரப்பினால் போதும். குறைந்தாலும் மிகுந்தாலும் கழுத்து ஒரு பக்கமாக ஒடியும். முழங்கால்களுக்கிடையே ஒரு சிறு தலையணை வைத்தால் இடுப்பு முறுக்கிக்கொள்ளாது. இரவில் நெஞ்செரிச்சலால் துன்புறுவோர்க்கு இடப்பக்கம் நலம் தரும். இரைப்பையின் அமைப்பினால், அவ்வாறு படுக்கும்போது புளிப்பு நீர் உணவுக் குழாயில் ஏறுவது குறைகிறது.

மல்லாந்து படுப்போர்க்குத் தாழ்ந்த தலையணையே தக்கது. முதுகு வலியுள்ளோர் முழங்கால்களின் கீழ் ஒரு தலையணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் குறட்டை விடுவோர்க்கு இந்நிலை உகந்ததன்று. நாக்கும் மென்மையான அண்ணமும் பின்னோக்கிச் சரிந்து மூச்சுவழியைக் குறுக்கிவிடும். குறட்டையினிடையே மூச்சு நின்று நின்று வருமாயின், பகலில் தூக்கம் கண்ணைச் சுழற்றும். மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவர்க்கு அது உயிரையே பறிக்கக்கூடும். அத்தகையோர் பக்கவாட்டில் படுப்பதோடு நில்லாமல் மருத்துவரையும் காண வேண்டும்.

குப்புறப் படுத்தால் மூச்சுவிடுவதற்காகக் கழுத்தை ஒரு புறமாகத் திருப்பியே வைத்திருக்க வேண்டும். இடுப்பும் தொய்யும். ஆகவே கழுத்துவலி உள்ளோர் இதனை விட்டொழிப்பதே நன்று.

இனி இலவத்திற்கு வருவோம். ஔவையார் தம் ஆத்திசூடியில் படுக்கைக்கு இப்பஞ்சையே பரிந்துரைத்தார். இதன் இழை உள்ளே கூடானது; காற்று நிறைந்தது. மேலே மெழுகுப் பூச்சு உடையதாதலால் நீரை எளிதில் ஏற்காது. இதனாலேயே இரண்டாம் உலகப் போரில் கடற்படையினரின் மிதவை அங்கிகளில் இதனை அடைத்தார்கள். தலையணைக்கு இதில் வேறொரு வசதி உண்டு. உறையைப் பிரித்துப் பஞ்சைக் கூட்டியும் குறைத்தும், அவரவர் தோளுக்கேற்ற உயரத்தை அமைத்துக்கொள்ளலாம். நாளடைவில் பஞ்சு அமுங்கிவிடும். வெயிலில் உலர்த்தி உதறினால் மீண்டும் உப்பும்.

மெத்தை மிக மென்மையாயிருந்தால் உடல் பள்ளத்தில் அமிழும். அதற்காகக் கல்போன்ற படுக்கையே முதுகுவலிக்கு மருந்து என்பதும் சரியன்று. ஸ்பெயின் நாட்டில் நெடுநாள் முதுகுவலியுள்ள 313 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2003இல் வெளியாயிற்று. மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தர உறுதியுள்ள மெத்தையே அவர்களுக்கு மிகுந்த பயன் தந்தது.

மாணவர்களே, இங்கே ஒரு பாடம் இருக்கிறது. முன்னோர் சொல்லாயினும் வல்லுநர் சொல்லாயினும் சோதித்தறிந்தே கொள்ளல் வேண்டும். 1950களில் மேலைநாட்டுக் குழந்தை வளர்ப்பு நூல்களிலேயே, பச்சிளங் குழந்தையைக் குப்புறக் கிடத்துமாறு அறிவுரை இருந்தது. வாந்தியெடுத்தால் மூச்சடைக்காது என்பது அதற்குச் சொன்ன காரணம். அது பிழை என்று பின்னர்த் தெரிந்தது. குப்புறக் கிடந்த குழந்தைகளே உறக்கத்தில் திடீரென இறப்பது மிகுதியாயிருந்தது. குழந்தையை மல்லாத்தியே உறங்கவைக்கும் இயக்கம் 1994இல் அமெரிக்காவில் தொடங்கியது. பின்வந்த ஆண்டுகளில் அத்தகைய சாவுகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. நல்லெண்ணத்தோடு கூறிய ஒரு பிழை எத்தனை தொட்டில்களை வெறுமையாக்கியிருக்கும்! ஓராண்டு நிறையாத தம்பியோ தங்கையோ உங்கள் வீட்டிலிருந்தால், உறுதியான சமமான படுக்கையில் மல்லாத்தி உறங்கவைக்கச் சொல்லுங்கள். இலவம் பஞ்சே ஆயினும் அதற்குத் தலையணை வேண்டா.

இன்றிரவே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, பின்புறமிருந்து உங்களைப் பார்க்குமாறு வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். பிடரியிலிருந்து இடுப்புவரை முதுகெலும்பு ஒரே கோடாகத் தெரிகிறதா? தெரியாவிடில் தலையணையைத் திருத்துங்கள். பிறகு, மலையிலிருந்து இறங்கி வந்த உங்கள் தாய்க்கும் அவ்வாறே பார்த்துச் சரிசெய்து கொடுங்கள். பகலெல்லாம் வளைந்த முதுகு இரவிலேனும் நிமிர்ந்து இளைப்பாறட்டும்.