பாலையில் ஒரு மனை



யார் நினைவாக இந்தச் சொற்பொழிவு ஆண்டுதோறும் நடக்கிறதோ அந்த ஆசிரியர் எனக்குப் பூகோளம் கற்பித்தவர். பங்குனி வெயிலில் எங்களை வகுப்பறைக்கு வெளியே கூட்டிப்போய் அண்ணாமலையைக் காட்டுவார். "இந்தப் பாறை பகல்ல வாங்குற சூட்டை ராத்திரிதான்டா திருப்பித் தரும். அதனாலதான் உங்க அம்மா எல்லாம் முற்றத்துல தண்ணி தெளிச்சிட்டுப் பாய் போடுறாங்க" என்பார். வெப்பம் பற்றி அதைவிடத் தெளிவான பாடத்தை நான் பிறகு படித்ததில்லை. அவருக்குக் குருதட்சணையாக இன்று வெயிலைப் பற்றியே பேசலாம் என்று வந்தேன்.

பேச்சுக்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. என் அண்ணன் மகள் அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரத்தை ஒட்டிய சாண்ட்லரில் குடும்பத்தோடு இருக்கிறாள். சில மாதங்களுக்கு முன் ஒரு விடிகாலையில் கூப்பிட்டாள். "சித்தப்பா, கிரிவலப் பாதைக்குப் பக்கத்துல ஒரு மனை பார்த்திருக்கோம். ரிட்டயர் ஆனதும் வந்து வீடு கட்டலாம்னு. ஆனா அந்த வெயில்ல இருக்க முடியுமா, சித்தப்பா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேட்டவள் இருப்பதே பாலைவனத்தில். பீனிக்ஸில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை 200 மில்லிமீட்டரைத் தொடாது. நம் திருவண்ணாமலையில் 1000 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிறது. ஐந்து மடங்கு மழை பெய்யும் ஊரைப் பார்த்துப் பாலைவனத்துப் பெண் பயப்படுகிறாள். முதலில் அவளைக் கிண்டல் செய்தேன். பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவள் பயத்தில் நியாயம் இருந்தது என்பதைத்தான் இன்றைக்கு ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

பீனிக்ஸ் எப்படிப்பட்ட ஊர் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். 1950 இல், அதாவது இங்கே ரமண மகரிஷி சமாதியடைந்த ஆண்டில், அங்கே இருந்தவர்கள் சுமார் 1.07 லட்சம் பேர். 2011 கணக்கெடுப்பில் நம் நகராட்சியின் மக்கள்தொகை 1.45 லட்சம். அப்போதைய பீனிக்ஸ் இன்றைய திருவண்ணாமலையைவிடச் சின்ன ஊர். 2020 இல் அது 16 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 17 சதுர மைலாக இருந்த நகரம் 500 சதுர மைலுக்கு மேல் பரந்துவிட்டது. சென்னை மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டரை மூன்று தடவை உள்ளே வைக்கலாம். இத்தனை பேர் ஏன் அங்கே போனார்கள்? குளிர்காலம். அமெரிக்காவின் வடக்கே பனி கொட்டும்போது அங்கே நம் மார்கழிக் காலை மாதிரி நாள் முழுக்க இருக்கிறது. வீடு மலிவு, வேலை உண்டு. ஏசி வீட்டுக்கு வீடு வந்த பிறகு கோடை ஒரு தடையாக இல்லை.

தண்ணீர்? கொலராடோ ஆற்றிலிருந்து சுமார் 540 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். டூசான் வரை போகும் அந்தக் கால்வாயில், வழியெங்கும் பம்பு வைத்து மொத்தம் 2900 அடி உயரம் தண்ணீரை ஏற்றுகிறார்கள். நம் அண்ணாமலையே 2668 அடிதான். மலையைத் தாண்டி ஓர் ஆற்றைத் தூக்கி ஊற்றி ஒரு நகரத்தை வாழவைப்பது சாதாரணச் சாதனை இல்லை. நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் 2023 கோடையில் அங்கே தொடர்ந்து 31 நாள் வெப்பம் 110 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டது, அதாவது 43 டிகிரி செல்சியஸுக்கு மேல். பீனிக்ஸ் இருக்கும் மாரிகோப்பா கவுண்டியில் அந்த ஆண்டு வெப்பத்தோடு தொடர்புடைய சாவு 645. உலகத்தின் பணக்கார நாட்டில்!

அங்கே குழந்தைகள் எப்போது வெளியே விளையாடும் என்று அண்ணன் மகளிடம் கேட்டேன். "நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் நல்லா விளையாடும் சித்தப்பா. மத்த நாள் வீட்டுக்குள்ளேதான். கார்லேர்ந்து கடை, கடையிலேர்ந்து கார்" என்றாள். அங்கே நிழல் என்பது விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும் பொருள். கார் வைத்திருப்பவருக்கு உண்டு. பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்கு இல்லை.

இங்கே வருவோம். ரமணர் 1896 செப்டம்பர் 1 ஆம் தேதி பதினாறு வயதுப் பையனாக இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். உடம்பு என்ற நினைப்பே இல்லாமல் பாதாள லிங்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்று நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை. ஆனால் கொஞ்சம் கவனித்தால் அவர் மலைமேல் இருந்த காலம் முழுவதும் தண்ணீரை ஒட்டியே இடம் மாறியிருக்கிறார். 1899 இலிருந்து விரூபாட்ச குகை. கோடை வந்தால் அங்கே சூடு தாங்காது, தண்ணீரும் குறைந்துவிடும். அப்போது முலைப்பால் தீர்த்தத்துக்குப் பக்கத்தில் மாமரக் குகை. 1916 இல் இன்னும் மேலே, சுனை ஒன்று கிடைத்த இடத்தில் கந்தாசிரமம். 1922 இல் தாயார் மறைந்த பிறகு கீழே, பாலி தீர்த்தத்தின் கரையில். அந்த இடம்தான் இன்றைய ரமணாசிரமம். துறவியே ஆனாலும் கோடையில் தண்ணீர் இருக்கும் பக்கம் நகர வேண்டியிருக்கிறது. அவர் தண்ணீரைப் பம்பு வைத்து மேலே ஏற்றச் சொல்லவில்லை. தண்ணீர் இருந்த இடத்துக்குத் தான் போனார். இந்த வேறுபாட்டில் ஒரு நகரத் திட்டமே அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். பெரியவர்கள் யாராவது இதைத் தத்துவமாக விரித்தால் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு அது இடம் பார்க்கத் தெரிந்தவரின் சாமர்த்தியம்.

ஊரும் அப்படித்தான் அமைந்தது. மலையில் விழுந்த மழை ஓடையாக இறங்கும். அடிவாரத்தில் தீர்த்தங்கள். கோயிலுக்குள்ளே சிவகங்கைக் குளம், பிரம்ம தீர்த்தம். வெளியே ஐயங்குளம். அதற்கப்பால் சமுத்திரம் ஏரி, நொச்சிமலை ஏரி, வேங்கிக்கால் ஏரி, கீழ்நாத்தூர் ஏரி. ஒன்று நிறைந்தால் கலங்கல் வழியே அடுத்தது. வேங்கிக்கால் என்ற பெயரில் இருக்கும் 'கால்' வாய்க்கால்தான் என்றே நான் படிக்கிறேன். இந்த ஏரிகளை நம்பித்தான் கழனி. எட்டாத மேட்டில் கொல்லை. கொல்லையில் மல்லாட்டை. வெயில் அன்றைக்கும் இதே வெயில்தான். போசள மன்னன் வீர வல்லாளன் 14 ஆம் நூற்றாண்டில் இந்த ஊரைத் தன் தலைநகராக வைத்துக்கொண்டான். அண்ணாமலையாரே அவனுக்கு மகனாக இருந்து ஆண்டுதோறும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரையில் திதி கொடுக்கிறார். வாழத் தகாத வறண்ட காடாக இருந்தால் ஓர் அரசன் ஏன் இங்கே வந்து உட்காருவான்?

பாலை பற்றிப் பேச வந்தவன் சிலப்பதிகாரத்தை எடுக்காமல் இறங்கினால் தமிழ்ச் சொற்பொழிவு ஆகாது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலை என்ற வடிவம் கொள்ளும் என்று இளங்கோ சொன்னதை நீங்கள் நூறு மேடையில் கேட்டிருப்பீர்கள். எனக்கு வேறொன்று வியப்பு. அகநானூற்றின் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் உள்ளவை அத்தனையும் பாலை. சரிபாதி, 200. குடியிருக்கக் கடினமான நிலத்துக்குப் பாதி நூல். ஏனென்றால் அது ஊரை விட்டுப் பொருள் தேடிப் போகிறவனின் நிலம். நம் அண்ணன் மகள்கள் போகும் வழி.

அவளுடைய பயத்தில் நியாயம் இருந்தது என்றேன். சொல்கிறேன். கடந்த முப்பது ஆண்டில் நாம் எந்தப் பக்கம் பரவினோம்? ரமணாசிரமத்திலிருந்து செங்கம் சாலை நெடுக, அடி அண்ணாமலை வரை, வேலூர் சாலையில் ஆட்சியர் அலுவலகத்தைத் தாண்டி. பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருகிறவர்கள் இங்கேயே ஒரு வீடு வேண்டும் என்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் ஆறு மாதம் தங்குகிறார்கள். 2024 இல் மாநகராட்சியும் ஆகிவிட்டோம். எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் கழனி மனையானது. ஓடை தெருவானது. வாய்க்கால் மேல் சிமெண்டுப் பலகை போட்டுக் கடை வந்தது. மனைப் பிரிவுகளில் 'மலை தெரியும்' என்று விளம்பரம் செய்கிறார்கள். 'மலைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்' என்று ஒரு விளம்பரமும் நான் பார்த்ததில்லை.

தண்ணீருக்கு ஆளுக்கு ஓர் ஆழ்துளைக் கிணறு, குடிக்கக் கேன். பீனிக்ஸைச் சுற்றி, நிலத்தடி நீரை மட்டும் நம்பி வரும் புதிய குடியிருப்புகளுக்கு இனி அனுமதி இல்லை என்று 2023 ஜூனில் அரிசோனா அரசு அறிவித்தது. பாலைவனத்துக்காரனுக்கு அந்தப் புத்தி வந்துவிட்டது. ஐந்து மடங்கு மழை வாங்கும் நாம் இன்னும் போர் எத்தனை அடி என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அன்று மாலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கின. அடிவாரத்து வீட்டில் ஏழு பேர் போனார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். மறுநாள் விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட வேண்டியிருந்தது. வறண்ட ஊர் என்று பெயர் வாங்கிய மாவட்டத்தின் கதை இது. அந்த ஆண்டு கார்த்திகை தீபத்துக்கு மலையேறப் பக்தர்களை அனுமதிக்கவில்லை. அந்தத் தெருவை இன்றும் நான் வேகமாகக் கடந்துவிடுகிறேன். அடிவாரத்தில் கட்டினவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊருக்குள் மனை வாங்க வசதி இருந்தால் யார் சரிவில் ஏறப் போகிறார்கள்?

நல்லதும் நடந்திருக்கிறது. என் இளமையில் இந்த மலை மொட்டைப் பாறை. 1980களின் இறுதியிலிருந்து உள்ளூர்க்காரர்களும் வெளிநாட்டிலிருந்து வந்து தங்கியவர்களுமாகக் கன்று நட்டார்கள். கோடையில் புல் பற்றிக்கொள்ளாமல் தீத்தடுப்புக் கோடு வெட்டினார்கள். இன்று கந்தாசிரமப் பாதையில் மத்தியானமும் நிழல் உண்டு. கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரும், அதன் மரங்களும், மண்டபங்களும், எட்டு லிங்கங்களும் யாருடைய வீட்டுச் சொத்தும் இல்லை. செருப்பில்லாத சாமியாரும் காரில் வந்து இறங்குகிறவரும் ஒரே புளியமரத்தடியில் உட்காரலாம். பீனிக்ஸில் இல்லாத பொருள் இது. இந்த ஊரை வாழத்தக்கதாக வைத்திருப்பது இந்தப் பொது நிழல்தான் என்பது என் தீர்ப்பு. ஏசி விற்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

சரி, அவளுக்கு என்ன பதில் சொன்னேன்? பத்துப்பாட்டில் நம் மண்ணின் பாட்டு ஒன்று உண்டு, மலைபடுகடாம். 583 அடி. செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசு பெற்று வருகிற கூத்தன், எதிரே வருகிற கூத்தர்க்கு வழி சொல்கிறான். சேயாற்றின் வளத்தை மட்டும் அளந்துவிட்டு அனுப்பிவிடவில்லை. இங்கே பாம்பு இருக்கும், இங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், இங்கே தினைப்புனத்துக் கவண்கல் வந்து விழும், வழுக்கும் பாறையில் பார்த்து நட என்கிறான். ஊரை நேசிக்கிறவன் வழி சொல்லும் முறை அது.

அதே முறையில் நானும் சொன்னேன். "வெயிலுக்குப் பயப்படாதே, வா. ஆனா அந்த மனையோட சர்வே நம்பரை அனுப்பு." அனுப்பினாள். கிராம நிர்வாக அலுவலரிடம் போய்க் கிராம வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் பார்த்தேன். மனையின் வடக்கு எல்லையை ஒட்டி, மலையிலிருந்து சமுத்திரம் ஏரிக்கு இறங்கும் ஓர் ஓடை புறம்போக்காகப் பதிவாகியிருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தால் அங்கே முப்பதடித் தார்ச்சாலை.

இந்த அரங்கில் மனை வாங்கப் போகிறவர்கள் இருப்பீர்கள். விற்கப் போகிறவர்களும் இருப்பீர்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த இரண்டு காகிதத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஒரு காலை நேரம்தான் ஆகும். அண்ணன் மகள் இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை.