கஞ்சித் தொட்டியும் கவிதை நட்பும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாமாண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ்க் காப்பியங்களுள் பசியை முதன்மைப் பொருளாக எடுத்துக்கொண்டது மணிமேகலை. அதில் வரும் அமுதசுரபியின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. ஊராரால் ஒதுக்கப்பட்ட ஆபுத்திரன், மதுரையில் சிந்தாதேவியின் கோயிலில் தங்கி, இரந்து பெற்ற உணவை ஆதரவற்றோர்க்கு அளித்து வந்தான். கலைமகளாகிய அத்தேவியே அவனுக்கு அமுதசுரபியைக் கொடுத்தாள். பின்னாளில் அதே பாத்திரம் பௌத்தத் துறவியாகிய மணிமேகலையின் கைக்கு வந்து, மழை பொய்த்த காஞ்சியில் உயிர்களைக் காத்தது. பிற சமயக் கொள்கைகளோடு கடுமையாக வாதிடும் நூல் அது. ஆயினும், பாத்திரம் எந்தத் தெய்வத்தின் கையிலிருந்து வந்தது என்ற வாதத்தை மட்டும் அந்நூல் எழுப்பவில்லை. கொள்கையில் வேறுபட்டு நிற்போரும் சோற்றுக் கலத்தில் ஒன்றுபடலாம் என்பதே அக்காப்பியம் உணர்த்தும் நெறி.

இந்நெறி காப்பியக் கற்பனையோடு நின்றுவிட்டதா, வாழ்க்கையிலும் இடம்பெற்றதா என்ற வினாவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வரலாறு விடை தருகிறது.

1876ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தது. அதனைத் தொடர்ந்து 1878 வரை நீடித்த கொடுமையை மக்கள் 'தாது வருடப் பஞ்சம்' என்று பெயரிட்டு வழங்கினர். சென்னை மாகாணத்தில் மட்டும் பல இலட்சம் பேர் பட்டினியாலும், அதனைத் தொடர்ந்து வந்த கொள்ளைநோயாலும் மாண்டனர். அன்றைய ஆங்கில அரசின் சார்பில் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியில் நாள் முழுதும் உழைத்த ஆடவனுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று வரையறுத்தார். உயிர் தாங்க இயலாத அக்கூலி கடும் எதிர்ப்புக்குப் பின்னரே உயர்த்தப்பட்டது. அரசின் கணக்கு இவ்வாறு இருந்த காலத்தில், ஊர்களில் நின்று உயிர் காத்தவர்களுள் சமயச் சான்றோர் பலர் இருந்தனர்.

காவிரிக் கரையில் திருவாவடுதுறை ஆதீனம் சைவ சித்தாந்த மடம். அப்போது அதன் தலைவராக விளங்கியவர் சுப்பிரமணிய தேசிகர். பஞ்சத்தால் வாடியோர்க்கு அம்மடத்தின் சார்பில் கஞ்சித் தொட்டி அமைக்கப்பெற்றது. அதற்கு அண்மையிலுள்ள மாயூரத்தில் வாழ்ந்தவர் வேதநாயகம் பிள்ளை. 1826இல் குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கக் கிறித்தவர். முன்சீபாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவரும் தாம் ஈட்டிய பொருளை அப்பஞ்சத்தில் வறியோர்க்கு வாரி வழங்கினார். இருவரும் ஒரே கூரையின்கீழ்ச் சமைத்தவர் அல்லர். மடத்தின் செலவு மடத்துக்கு. முன்சீபின் செலவு முன்சீபுக்கு. அவ்வாறாயின் இதனை ஒத்துழைப்பு என்று கூறலாமா?

கூறலாம். கிறித்தவராகிய வேதநாயகர் சைவ மடத்தின் தலைவரைப் புகழ்ந்து செய்யுட்கள் பாடினார். நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனையாக்கிய சைவராகிய கோபாலகிருஷ்ண பாரதியார், கிறித்தவராகிய வேதநாயகரின் கொடையைப் போற்றிக் கீர்த்தனை இயற்றினார். தன் சமயத்தார் செய்த அறத்தைப் பாராட்டுதல் எளிது. பிற சமயத்தார் செய்த அறத்தைப் பலர் அறியப் பாராட்டுதற்குத் தனி மனம் வேண்டும். ஒருவர் அறத்தை மற்றவர் ஐயுறாத இடத்தில்தான் பசித்தவன் அச்சமின்றி இரண்டு வாயில்களிலும் கை நீட்ட முடியும்.

அந்த ஐயத்துக்கு அக்காலத்திலும் இடம் இருந்தது. அதே பஞ்ச காலத்தில் திருநெல்வேலிப் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் கிறித்தவத்தைத் தழுவினர். அவர்களை ஈர்த்தது பற்றா, பசியா என்ற வாதம் எழுந்தது. கொடுப்பவன் உள்ளத்தில் மறைமுகமான விலை இருக்குமோ என்ற கேள்வி இன்றும் நிவாரணப் பணி நடக்கும் இடமெல்லாம் எழுகிறது. அக்கேள்வியை நியாயமற்றது என்று தள்ளிவிட இயலாது. அதற்கான விடை வேதநாயகரின் செயலிலேயே உள்ளது. பஞ்ச ஆண்டாகிய 1878இல் அவர் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை வெளியிட்டார். எச்சமயத்தாரும் தம் கடவுளை நினைந்து பாடுதற்கு ஏற்றவாறு அவை அமைந்தன. பஞ்சம் நீங்க வேண்டி இறைவனிடம் முறையிடும் பாடல்களும் அவற்றுள் இடம்பெற்றன. தம் சமயத்துக்கெனச் சத்திய வேதக் கீர்த்தனைகளைத் தனியே பாடியவர் அவர். தம் நம்பிக்கையை அவர் மறைக்கவுமில்லை; பசித்தவன்மீது சுமத்தவுமில்லை. சமயங்கள் இணைந்து தொண்டாற்றுதற்கு இவ்விரண்டுமே தேவை.

இத்தகைய மனம் பஞ்சம் வந்த பிறகு திடீரென்று தோன்றியதன்று என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. அதன் வித்து தமிழ் வகுப்பில் ஊன்றப்பட்டது. திருவாவடுதுறை ஆதீன வித்துவானாகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருநீறணிந்த சைவர். அவரிடம் பாடம் கேட்டவர்களுள் உ.வே.சாமிநாதையர் ஒருவர், கிறித்தவராகிய சவேரிநாத பிள்ளை ஒருவர், இசுலாமியராகிய நாகூர் குலாம்காதிறு நாவலர் ஒருவர். வேதநாயகரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்தூர்க் கோவை பாடியவரும் அம்மகாவித்துவானே. பஞ்சம் முற்றுதற்கு முன்பே, 1876ஆம் ஆண்டுப் பிப்ரவரித் திங்களில், அவர் மறைந்தார். கஞ்சித் தொட்டிகளை அவர் காணவில்லை. ஆயினும், பிற சமயத்தானின் உயர்வைப் பாடுதற்குக் கூசாத நாவை அப்பகுதியின் புலவர்களிடையே வளர்த்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

வடலூரும் இதே உண்மையைக் காட்டுகிறது. இராமலிங்க அடிகள் 1865இல் சன்மார்க்க சங்கம் கண்டார். 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் தருமசாலையின் அடுப்பு மூட்டப்பட்டது. சாதி, சமயம் வினவாமல் பசித்தோர்க்கு உணவளிக்கும் அவ்வடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. தாது வருடப் பஞ்சத்துக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே அது மூட்டப்பட்டது என்பதைக் கருத வேண்டும். அடிகள் 1874இல் மறைந்த பின்னரும் அடுப்பு இருந்தது. துன்பம் வந்த பின் அடுப்பு தேடுவோர் வேறு. வருமுன் மூட்டி வைப்போர் வேறு.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது, தமிழகத்தில் மிகுதியாகப் பாதிக்கப்பட்டது நாகை மாவட்டம். அம்மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அக்கடற்கரையில்தான் நாகூர் தர்காவும் வேளாங்கண்ணி மாதா கோயிலும் உள்ளன. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் எழுப்பிய உயரமான மினாராவைக் கொண்ட நாகூர் தர்கா, வீடிழந்தோர்க்குப் புகலிடமாயிற்று. இறந்தவர் இன்ன சமயத்தவர் என்று வினவாமல் உடல்கள் தர்காவுக்குரிய நிலத்தில் அடக்கம் செய்யப்பட்டன. இந்து மன்னர் எழுப்பிய மினாராவின் நிழலிலிருந்து அந்த உதவி பிறந்ததைத் தற்செயல் என்று மட்டும் கருதுதல் தகாது. தலைமுறை தலைமுறையாக எல்லாச் சமயத்தாரும் கந்தூரிக்குச் சென்றுவந்த இடம் அது. பழகிய வாசலை நோக்கித்தான் பதறியவன் ஓடுவான்.

2015ஆம் ஆண்டுச் சென்னைப் பெருவெள்ளத்தில் பள்ளிவாசல்கள் வீடிழந்தோர்க்குத் திறந்துவிடப்பட்டன. வெள்ளம் வடிந்தபின் இசுலாமியத் தொண்டர்கள் கோயில்களில் சேறு அகற்றினர். 2020, 2021ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றில், உறவினரும் நெருங்க அஞ்சிய உடல்களை அவரவர் சமய முறைப்படி அவர்கள் தகனமும் செய்தனர், அடக்கமும் செய்தனர். இவை போற்றத்தக்கன.

ஆயினும், போற்றுதலோடு நிறுத்திக்கொள்ளுதல் நேர்மையாகாது. ஆழிப்பேரலைக்குப் பின் நாகைப் பகுதியில் இயங்கிய நிவாரண முகாம்களில், தாழ்த்தப்பட்ட மக்கள் உணவுக்கும் குடிநீருக்கும் ஒதுக்கி நிறுத்தப்பட்டதாக மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன. மதத்தைக் கடந்து நீண்ட கை, சாதியைக் கடக்கும்போது தயங்கியது. கடலுக்கு அப்பாலிருந்து வந்த உதவிப் பொருள், பக்கத்துத் தெருவுக்குச் செல்ல இயலாமல் நின்றது. சமய நல்லிணக்கம் பேசும் மேடைகள் இக்குறையைப் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை. பல சமயத் தலைவர்கள் ஒரே மேடையில் கைகோத்து நிற்கும் நிழற்படம் எளிதில் கிடைக்கும். எல்லாத் தெருவினரும் ஒரே வரிசையில் நிற்கும் கஞ்சித் தொட்டி எளிதில் அமைவதில்லை. ஊரால் ஒதுக்கப்பட்ட ஒருவன் கையில் முதலில் அமுதசுரபியைக் கொடுத்த காப்பியம் இதனை அன்றே உணர்ந்திருந்தது.

இதற்கும் ஓர் இலக்கிய வட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். இலக்கிய வட்டத்திடம் கிடங்கு இல்லை, படகு இல்லை, மருந்து இல்லை. மகாவித்துவானிடமும் இவை இல்லை. அவரிடம் இருந்தது பாடம் சொல்லும் திண்ணை. அத்திண்ணையில் மூன்று சமயத்தார் அமர்ந்து தமிழ் கற்றனர். ஒருவர் நூலை மற்றவர் கற்றதனால், ஒருவர் மனத்தை மற்றவர் அறிந்தனர். பத்தாண்டுகளாகக் கவியரங்கும் ஆய்வரங்கும் நடத்திவரும் வட்டம் அத்திண்ணையின் வழித்தோன்றல் ஆகும். பெரியபுராணமும் சீறாப்புராணமும் தேம்பாவணியும் அவ்வச்சமயத்தாருக்கு மட்டும் உரியவை என்ற நிலை மாறி, சைவர் சீறாவையும், இசுலாமியர் தேம்பாவணியையும், கிறித்தவர் பெரியபுராணத்தையும் விரித்துரைக்கும் அரங்குகள் அமைதல் வேண்டும். அவ்வரங்கில் அமரும் முன்வரிசையும் பின்வரிசையும் எந்தத் தெருக்களிலிருந்து வருகின்றன, எந்தத் தெருவிலிருந்து எவரும் வருவதில்லை என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அடுத்த பஞ்சமோ வெள்ளமோ நாள் குறித்து வருவதில்லை. அது வரும் நாளில் எவரும் புதிதாகச் சமரசம் கற்க இயலாது. முன்பே கற்றதைத்தான் செய்ய இயலும். வேதநாயகரும் சுப்பிரமணிய தேசிகரும் பஞ்சத்தில் செய்தது அதுவே. அவர்கள் கற்ற பாடத்தை இன்றைய இளைஞர்க்குக் கற்பிக்கும் இடமாக இவ்வட்டம் அடுத்த பத்தாண்டிலும் விளங்குமாக.