முதன்முதல் கோழி வளர்ப்போருக்குச் சில யோசனைகள்

(கடலூர், சிதம்பரம் வட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குக் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



புழக்கடையில் பத்துக் கோழி வளர்த்தால் குடும்பத்துக்குச் சிறு வரும்படி உண்டென்பது தாங்கள் அறிந்த விஷயமே. ஆயினும், கோழியை வாங்கிவிட்டுப் பிறகு கூட்டைப் பற்றி யோசிப்பது நம்மிற் பலருடைய வழக்கம். நமது பிரதேசத்தில் அது பெருநஷ்டத்துக்கு இடமாகும். இங்கே சித்திரை, வைகாசியில் கடுங்கோடை; ஐப்பசி, கார்த்திகையில் பெருமழையும் புயலும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததையும், 2015-ஆம் ஆண்டின் வெள்ளத்தையும் மறந்தவர் யார்?

ஆகவே முதலிற் கூடு. பத்துக் கோழிகள் இரவில் தங்க ஐந்தடி நீளமும் நான்கடி அகலமும் போதும். நீண்ட பக்கம் கிழக்கு மேற்காக அமைந்தால் வெயில் உள்ளே மிகுதியாக விழாது. கோழிக்கு வியர்வை இல்லை. வாய் திறந்து இரைத்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளும். ஆகையால் தகரம் வேண்டாம்; கீற்றுக்கூரையே நன்று. கோடையில் நிழலில் எப்போதும் தண்ணீர் இருக்கவேண்டும். தீனியைக் காலையிலும் மாலையிலும் இடுக. கூட்டின் தளம், சென்ற வெள்ளம் சுவரில் விட்டுச்சென்ற கறைக்கு மேலே இருக்கட்டும். புயற்காற்றுக்குக் கூரையைக் கயிற்றால் முளைகளில் இறுக்கிக் கட்டுக. ஈரத்தரையில் குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சல் வரும்.

இரண்டாவது, காலம். மழை ஓய்ந்த தை மாதத்தில் இரண்டு மாதக் குஞ்சுகளை வாங்கினால், கோடைக்குமுன் இறகு முற்றும். ஐப்பசி மழைக்குள் முட்டைப் பருவமும் எய்தும். எட்டுப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். கடன் வாங்கி முதல் வருஷமே நூறு கோழி வைப்பது விவேகமன்று.

மூன்றாவது, வெள்ளைக்கழிச்சல். 1926-இல் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரருகே கண்ட இந்நோய், சில ஆண்டுகளுள் குமாயூன் மலையிலுள்ள ராணிக்கேட்டிலும் தோன்றி, நம் நாட்டில் அவ்வூர்ப் பெயரையே பெற்றது. கண்டபின் மருந்தில்லை, வருமுன் காப்பதே வழி. முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் தடுப்பூசியும் போடவேண்டும். புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்தபின்பே மற்றவற்றோடு சேர்க்கவேண்டும்.

இங்கேதான் சங்கத்தின் பயன் விளங்கும். ஒரு குப்பியில் நூறு கோழிகளுக்கோ அதற்கு மேலோ மருந்து உண்டு. பனிக்கட்டியிற் கொணர்ந்து, கரைத்த இரண்டு மணி நேரத்துள் செலுத்தியாகவேண்டும். பத்துக் கோழி உடைய ஒருவர் தனியே வாங்கின் மருந்து வீணாகும். தெருவார் அனைவரும் ஒரே நாளில் கூடினால் ஒரு துளியும் வீணாகாது. கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் இலவசத் தடுப்பூசி முகாம் நடத்திவருகிறது, அதையும் தவறவிடலாகாது. நோய்க்கு வேலி தெரியாது. ஒரு வீட்டார் அசட்டையாயிருந்தால் தெரு முழுவதும் கூடு காலியாகும்.

எனவே, அடுத்த பொதுக்கூட்டத்தில் தடுப்பூசிக்கென ஒரு நாளைக் குறித்துத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். கோழிகளை அதன்பின் வாங்கலாம்.