முப்புரிக் கயிறும் இரண்டு கோணங்களும்: ஜி.என்.ராமச்சந்திரன்

அமீரகத்தில் இப்போது இரவு எட்டு மணி. கத்தார், குவைத், சவுதி நண்பர்களுக்கு ஏழு. சென்னையிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்பதரை. சிங்கப்பூரில் நள்ளிரவு, அங்கிருந்து விழித்திருந்து கேட்பவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

இலக்கியக் கூட்டத்தில் ஒரு உயிர் இயற்பியலாளரைப் பற்றி என்ன பேச்சு என்று நம் குழுவில் ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். நான் இங்கே ஒரு மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் துறைப் பாடப் புத்தகங்களில் ‘ராம்-லாக் ஃபில்டர்’ என்று ஒரு சொல் வரும். எங்களோடு வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரர்களும் எகிப்துக்காரர்களும் அதைப் படித்துத்தான் தேர்வு எழுதியிருக்கிறார்கள். ‘ராம்’ என்பது ராமச்சந்திரன். ‘லாக்’ என்பது ஏ.வி.லட்சுமிநாராயணன். அந்த ராமச்சந்திரன் கவிதை எழுதினார், இசையில் ஈடுபாடு கொண்டிருந்தார், ஜைன தர்க்கத்தில் பல வருடங்கள் மூழ்கிக் கிடந்தார். அதனால்தான் இந்தக் கூட்டத்தில் அவரைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன்.

கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8ஆம் தேதி எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். அப்பா மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். கணக்கு வீட்டிலேயே கிடைத்தது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் முடித்து, 1942இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அங்கே இருந்தவர் சர் சி.வி.ராமன். பையனின் புத்தி மின்பொறியியலுக்குக் கொஞ்சம் அதிகம் என்று அந்தத் துறைத் தலைவரிடம் சொல்லி, அவரைத் தன் இயற்பியல் துறைக்கு இழுத்துக்கொண்டதாக ஒரு கதை உண்டு. 1947இல் கேம்பிரிட்ஜ். அங்கே கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் படிகங்களைப் பற்றி ஆய்வு செய்து 1949இல் முனைவர் பட்டத்தோடு திரும்பினார்.

1952இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவரை இயற்பியல் துறைத் தலைவராக்கியது. வயது முப்பது நிறையவில்லை. அப்போது துணைவேந்தராக இருந்தவர் ஏ.லட்சுமணசாமி முதலியார். புதுத் துறை, குறைந்த கருவிகள். அந்தச் சமயத்தில் சென்னைக்கு வந்த ஆங்கிலேய விஞ்ஞானி ஜே.டி.பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார்.

கொலாஜன் என்றால் இப்போது அழகு நிலைய விளம்பரத்தில் வரும் சொல்லாகிவிட்டது. தோல், தசைநாண், எலும்பு, குருத்தெலும்பு எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் புரதம் அது. நம் உடம்பிலுள்ள புரதத்தில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் அதுதான். பல்கலைக்கழகத்துக்கு அருகிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோல் பதனிடும் ஊர்க்காரர்களுக்குக் கொலாஜனுக்கா பஞ்சம்? ஆனால் எக்ஸ் கதிர்ப் படம் தெளிவாக விழுந்தது கங்காரு வாலின் தசைநாணில். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு கோபிநாத் கர்த்தாவும் ராமச்சந்திரனும் 1954இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு மாதிரியை வெளியிட்டார்கள். அடுத்த வருடமே அதைத் திருத்தி மேம்படுத்தினார்கள்.

அது மூன்று புரிகளால் ஆன கயிறு. ஒவ்வொரு இழையும் தனக்குள் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்கிறது. மூன்றும் சேர்ந்து எதிர்ப்பக்கமாகப் பின்னிக்கொள்கின்றன. கயிறு திரிப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும், எதிர்முறுக்கு இல்லாத கயிறு பிரிந்துவிடும். இழையில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற ஆகச் சிறிய அமினோ அமிலம் இருக்கும். பின்னலின் நடுவில் வேறு எதற்கும் இடமில்லை. பூமியைச் சுற்றும் நிலவு எப்போதும் ஒரே முகத்தை நமக்குக் காட்டுவது போல, இழை சுற்றிச் சுற்றிப் போனாலும் கிளைசின் மட்டும் எப்போதும் நடுவைப் பார்த்தே இருக்கும்.

இந்தப் பின்னல் உறுதியாக நிற்க வைட்டமின் சி வேண்டும். இதை நம் கடலே காட்டியிருக்கிறது. 1498இல் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் கேரளக் கரையிலிருந்து இந்த அரபிக்கடலைத் தாண்டித் திரும்பியபோது, எதிர்க்காற்றில் மாட்டி மூன்று மாதம் கடலிலேயே கிடந்தன. ஈறு வீங்கி, கைகால் வீங்கி மாலுமிகள் பலர் செத்தார்கள். ஸ்கர்வி. பழம், காய்கறி இல்லாத உடம்பில் முப்புரிக் கயிறு சரியாகத் திரியவில்லை. காரணம் தெரிய நானூறு வருடத்துக்கும் மேலானது.

சென்னையின் மாதிரி வந்த 1955லேயே அதற்கு எதிர்ப்பும் வந்தது. டி.என்.ஏ. புகழ் ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் தங்கள் மாதிரியை வெளியிட்டார்கள். மூன்று இழைப் பின்னல் சரி. ஆனால் சென்னைக்காரர்களின் மாதிரியில் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவுக்கு நெருக்கமாக இருக்கின்றன என்றார்கள். இழைகளுக்கிடையே எத்தனை ஹைட்ரஜன் பிணைப்பு என்பதிலும் தகராறு. அதில் பின்னாளில் கிரிக் தரப்பே உறுதிப்பட்டது. அடிப்படையான பின்னல் ராமச்சந்திரனுடையதாக நின்றது.

என்னை ஈர்ப்பது இதற்கு அடுத்து அவர் செய்த காரியம். கேம்பிரிட்ஜில் இருப்பவர் ‘ரொம்ப நெருக்கம்’ என்கிறார். சென்னையில் இருப்பவர் கோபித்துக்கொள்ளலாம், அல்லது தலையாட்டிவிட்டு ஒதுங்கலாம். இவர் ஒரு கேள்வி கேட்டார்: இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? அதுவரை வெளியான படிக அமைப்புகளையெல்லாம் தேடி, எந்த அணு எந்த அணுவோடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அட்டவணை போட்டார்கள். சி.ராமகிருஷ்ணனும் வி.சசிசேகரனும் கூட இருந்தார்கள். மேசைக் கணக்குப்பொறியில் போட்ட கணக்கு அது. பல வருட உழைப்பு 1963இல் ஒரு கட்டுரையாக வந்தது. அதுதான் ‘ராமச்சந்திரன் வரைபடம்’.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய மூட்டுகள் முக்கியமாக இரண்டு. ஒரு கோணத்துக்கு ஃபை என்று பெயர், மற்றதற்கு சை. இரண்டும் முழு வட்டம் சுற்றலாம் என்று காகிதத்தில் தோன்றும். ஆனால் பெரும்பாலான நிலைகளில் அணுக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். இடிக்காத இடங்களை மட்டும் ஒரு சதுரத்தில் குறித்தால், பெரும்பகுதி வெறுமையாகக் கிடக்கும். வானத்திலிருந்து இரவில் நம் பாலைவனத்தைப் பார்ப்பது மாதிரி: எங்கும் இருட்டு, அங்கங்கே வெளிச்சத் தீவுகள். உயிருள்ள எல்லாவற்றின் புரதங்களும் ஏறக்குறைய அந்த வெளிச்சத்துக்குள்தான் குடியிருக்கின்றன.

அறுபது வருடமாகியும் அது பழசாகவில்லை. 2024இல் வேதியியல் நோபலின் ஒரு பாதி, புரத வடிவத்தைக் கணினியால் கணித்த டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் போனது. அபுதாபியில் 2019இல் செயற்கை நுண்ணறிவுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அந்தப் படிப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அவர்களிடம் சொல்லுங்கள்: இன்றும் ஒரு புரத அமைப்பு நம்பத்தக்கதா என்று பார்க்க, உலகம் முதலில் போட்டுப் பார்ப்பவற்றில் ஒன்று அந்தச் சென்னை வரைபடம்.

இனி ராம்-லாக். ராமச்சந்திரன் 1970களின் தொடக்கத்தில் பெங்களூருக்குத் திரும்பி, இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை அமைத்தார். 1971இல் அவரும் லட்சுமிநாராயணனும் ஒரு கணித முறையை வெளியிட்டார்கள். பல கோணங்களில் எடுத்த எக்ஸ் கதிர் நிழல்களிலிருந்து உள்ளே இருப்பதைத் திரும்பக் கட்டுவது எப்படி? நிழல்களை அப்படியே ஒன்றன்மேல் ஒன்று போட்டால் படம் கலங்கும். முன்னதாக ஒவ்வொரு நிழலையும் ஒரு வடிகட்டி வழியே அனுப்பினால் கூர்மையாகும், கணக்கும் வேகமாக முடியும். அதே வருடம் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரம் முதல் நோயாளியை ஸ்கேன் செய்தது. 1979இல் அவருக்கும் கார்மக்குக்கும் நோபல் கிடைத்தது. ராமச்சந்திரனுக்கு எந்தக் காலத்திலும் கிடைக்கவில்லை. 1977இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1999இல் படிகவியலின் எவால்ட் பரிசு.

இப்போது அவருடைய ‘பொழுதுபோக்கு’களுக்கு வருகிறேன். அந்தச் சொல்லே எனக்கு உறுத்துகிறது. 1970களின் பிற்பகுதியிலிருந்து அவர் தர்க்கத்துக்குள் போனார். ஜைனர்களின் சியாத்வாதம் ஒரு கூற்றை உண்டு, இல்லை என்று இரண்டாக வெட்டாது. ஏழு விதமாகச் சொல்ல இடம் கொடுக்கும். அதை அணிகளும் திசையன்களும் கொண்ட கணிதமாக எழுதிப் பார்த்தார். தன் முறைக்கு ‘சியாத் நியாயம்’ என்றே பெயர் வைத்தார். உயிர் இயற்பியலில் கிடைத்த கவனம் இதற்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் அதை ஓய்வுநேர வேலையாகச் செய்யவில்லை, கணித மெய்யியல் என்று தன் பணியாகவே ஏற்றுக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள். எது இருக்க முடியும், எது இருக்க முடியாது, எது எல்லைக்கோட்டில் நிற்கிறது என்பதுதானே அந்த வரைபடம்? அணுவில் கேட்ட கேள்வியையே அவர் பிறகு சொல்லில் கேட்டார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இது என் வாசிப்பு, நீங்கள் மறுக்கலாம்.

இதை இங்கே சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. வளைகுடாவில் நாம் எல்லோரும் விசாவில் எழுதியிருக்கும் தொழிலாகத்தான் வாழ்கிறோம். எலக்ட்ரீஷியன், அக்கவுண்டன்ட், நர்ஸ், டிரைவர். ஷிஃப்ட் முடிந்து எழுதுவதையும் வாசிப்பதையும் நாமே கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்லிக்கொள்கிறோம், ஏதோ களவாடிய நேரம் மாதிரி. ராமச்சந்திரனின் கவிதைகளுக்காக யாரும் அவரை நினைவில் வைத்திருக்கவில்லை, அது உண்மை. அவர் எழுதினார் என்பதும் உண்மை. பலன் வருமா என்று பார்த்துத்தான் ஈடுபட வேண்டும் என்றால், மேசைக் கணக்குப்பொறியோடு அந்த வருடங்களையும் அவர் செலவிட்டிருக்க மாட்டார்.

கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் நோய் அவரை வாட்டியது. 1998இல் மனைவி ராஜலட்சுமி காலமானார். 2001 ஏப்ரல் 7ஆம் தேதி சென்னையில் அவர் மறைந்தார்.

வீட்டில் பிளஸ் டூ உயிரியல் படிக்கும் பிள்ளை இருந்தால், புரதப் பாடம் வரும்போது இந்தப் பெயரைச் சொல்லுங்கள். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள் என்பதற்காக மட்டும் வேண்டாம். ‘ரொம்ப நெருக்கம்’ என்று யாரோ சொன்னதற்கு அவர் எப்படிப் பதில் கண்டுபிடித்தார் என்ற கதையோடு சொல்லுங்கள். கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.