கண்ணுக்குப் படாத கசடு

பழைய மோட்டார்ச் சைக்கிள் ஒன்றைப் புதுப்பிக்க முனைபவரின் கை முதலில் நாடுவது அதன் வெளிப்புறத்தையே. பெற்றோல் தாங்கிக்கு வர்ணம் பூசுகிறார். துருவேறிய குழாய்களுக்குக் குரோமியப் பூச்சு இடுகிறார். பார்ப்பவர் மெச்சுவதும் அவற்றையே. ஆயினும் அவ்வண்டி ஓடுமா, ஓடினும் எவ்வளவு காலம் ஓடும் என்பதைத் தீர்மானிப்பது எஞ்சினின் வயிற்றுக்குள்ளே பல்லாண்டுகளாய்ப் படிந்து கிடக்கும் அழுக்குத்தான்.

இதற்கு ட்ரயம்ப் பொனவில் என்னும் வண்டியை எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் கொவென்றி நகருக்கு அணித்தான மெரிடன் என்னும் ஊரில் இது செய்யப்பட்டது. 1959ஆம் ஆண்டுக்குரிய வண்டியாக வெளிவந்தது. இரண்டு சிலிண்டர்களும் 649 கனசென்றிமீற்றர் கொள்ளளவும் உடையது. அத்தொழிற்சாலை 1983இல் மூடப்பட்டுவிட்டது. அங்கு பிறந்த வண்டிகளோ இன்றும் பல நாடுகளிற் கழற்றப்பட்டும் பூட்டப்பட்டும் வருகின்றன.

இக்காலத்து வாகனங்களில் எண்ணெயை வடிப்பதற்குக் கடதாசியாலான நுண்வடி உண்டு. அக்காலத்துப் பொனவில்லில் இருந்தது வெறும் கம்பிவலையே. வலை பெருந்துகளைத் தடுக்கும், பொடியைத் தடுக்காது. இக்குறையை ஈடுசெய்ய, கிராங்குத் தண்டின் உள்ளே ஒரு குடைவு அமைத்து, அதனுள் ஒரு குழாயைச் செருகிவைத்தனர். கவணில் வைத்துச் சுழற்றும் கல் வெளிநோக்கி இழுப்பதைக் கண்டிருக்கிறோம். அதுபோலவே, தண்டு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும்போது, எண்ணெயிலுள்ள கனத்த துகள்கள் வெளிப்புறமாக வீசப்பட்டுக் குழாயின் சுவரிற் படிந்துவிடும். தெளிந்த எண்ணெய் மட்டும் பெரிய முனைப் போரிங்குகளுக்குச் செல்லும்.

மிகச் சாதுரியமான ஏற்பாடு! ஆனால் எஞ்சினை முற்றாகப் பிரித்தாலன்றி அக்குழாயைத் துப்புரவாக்க வழியில்லை. ஆண்டுகள் பல கடந்தால் உள்ளே சேர்ந்த கசடு களிமண்போல் இறுகி, எண்ணெய் செல்லும் வழியையே அடைத்துவிடும். எண்ணெயின்றிப் போரிங்கு காய்ந்து உருகும். இணைக்குங் கோல் முறியும். முறிந்த கோல் எஞ்சின் பெட்டியையும் உடைத்துக்கொண்டு வெளிவருவதுண்டு. எஞ்சின் இறுகும்போது பின்சில்லும் சுழலாது நின்றுவிடக்கூடும். மணிக்கு 60 மைல் வேகத்தில் இது நிகழ்ந்தால், வண்டியின் மேல் இருப்பவரின் உயிருக்கும் உத்தரவாதமில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி எஞ்சினைக் கழுவிவிட்டோம் என்று சொல்லிப் பூட்டுபவர்கள் இருக்கிறார்கள். குழாயிலுள்ள கசட்டை அந்தக் கழுவல் தீண்டுவதேயில்லை.

அக்குழாயை வெளியே எடுப்பது பொறுமைக்குச் சோதனை. தண்டின் முனையிலுள்ள திருகடைப்பு கழன்றுவிடாதிருக்க, அதன் ஓரத்தைக் குத்தி இறுக்கியிருப்பார்கள். அந்தக் குத்தைத் துளைத்து நீக்கினாலே அடைப்பு அசையும். பறக்கும் சில்லைப் பிணைக்கும் திருகாணிகளுள் ஒன்றின் நுனி குழாயையும் பிடித்திருப்பதால், அதனை முன்னரே கழற்றவேண்டும். இதை அறியாது இழுத்து இழுத்துக் களைத்தவர் பலர். குழாய் வந்த பின்னர் குடைவையும், அதிலிருந்து பிரியும் எண்ணெய்த் துளைகள் யாவற்றையும் தூரிகையாலும் மண்ணெண்ணெயாலும் கழுவி, அமுக்கிய காற்றால் ஊதவேண்டும். பெற்றோலைக் கொண்டு கழுவுவது வேண்டாம். அதன் ஆவி தூரத்திலுள்ள தீப்பொறியையும் தேடிச் சென்று பற்றும்.

எஞ்சின் பெட்டி அலுமினியத்தால் ஆனது. இரும்புக்கு இடும் எரிசோடாக் கரைசலில் அதனை அமிழ்த்தினால், ஐதரசன் வாயு குமிழியிட உலோகமே அரிக்கப்பட்டுவிடும். கண்ணாடி மணிகளை விசையுடன் வீசித் துலக்கும் முறையும் இன்று பரவியிருக்கிறது. பெட்டி வெள்ளிபோல் மின்னும் என்பது மெய்தான். ஆனால் அம்மணிகள் திருகுத் துளைகளிலும் எண்ணெய் வழிகளிலும் ஒளிந்திருந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியபின் ஒவ்வொன்றாய் வெளிவந்து போரிங்குகளிற் புகும். அழுக்கை அகற்றப் போய் அரத்தூளைக் கொட்டிய கதை இது. துளைகளையெல்லாம் அடைத்துவிட்டு வீசுவதும், வீசியபின் மீண்டும் மீண்டும் கழுவுவதும் அவசியம்.

வார்ப்பிரும்புச் சிலிண்டரின் உட்சுவரைச் சாணைக்கல்லாற் சீர்ப்படுத்திய பின், அதில் அகப்பட்ட கல்லின் பொடி மண்ணெண்ணெய்க்கு எளிதில் இளகாது. வெந்நீரும் சவர்க்காரமுமே ஏற்றவை. வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்துத் துணி கறுக்காமல் வரும்வரை தேய்த்துக் கழுவவேண்டும். உலர்ந்தவுடன் எண்ணெய் பூசாவிடின், சற்று நேரத்திலேயே துரு தலைகாட்டும். எண்ணெய்ப் பம்பிலும் ஒரு நுட்பம் உண்டு. அதன் வாயில்களை மூடுபவை சிறு குண்டுகள். குண்டின் கீழே ஒரு மணற்பொடி தங்கினாலும் பம்பு தன் பணியைச் செய்யாது.

பிஸ்ரனின் தலையிலுள்ள கரியைச் சுரண்டுவோர் தம் உடல்நலத்தையும் கருதவேண்டும். அந்நாட்களில் பெற்றோலுடன் ஈயச் சேர்வை கலக்கப்பட்டது. பிரித்தானியாவில் அது நிறுத்தப்பட்டது 1999இன் இறுதியிலேதான். பழைய கரியில் அந்த நச்சு இன்றும் உறைகிறது. ஆதலால் உலரச் சுரண்டித் தூளை மூச்சில் ஏற்காது, எண்ணெயில் நனைத்து, மரச்சீவலாற் சுரண்டவேண்டும். கைகழுவாது உணவைத் தொடலாகாது.

எல்லாவற்றையும் பூட்டி, புதிய எண்ணெய் வார்த்து, எஞ்சினை முதன்முதலாக இயக்கும்போது எண்ணெய்த் தாங்கியின் மூடியைத் திறந்து உள்ளே நோக்கவேண்டும். பெட்டியின் அடியிற் சேரும் எண்ணெய் மேலேறி, திரும்பு குழாயின் வாயிலிருந்து விட்டுவிட்டுப் பாய்வது தெரியும். அது தெரியவில்லையெனின், உடனே எஞ்சினை நிறுத்திவிடல் வேண்டும்.