விற்பனைக்கு அல்ல



ஒரு ஞாயிறு மாலைத் திருப்பலி முடிந்ததும் எங்கள் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் கோவில் வாசலில் காத்திருந்தார். “ஏனுங்க சாமி, தோட்டத்தை சைட் போடக் கேக்கறாங்க. பசங்க குடுத்துடலாங்கறாங்க. எங்கப்பன் வெட்டுன கெணறு இருக்குதுங்க அதுல. நான் என்ன பண்றதுங்க?” என்றார். பெரியநாயக்கன்பாளையத்தில் இன்று பல வீடுகளில் இதே பேச்சுதான். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றிரவு என் நினைவுக்கு வந்தவர் ஒரு விவசாயி, போர்வீரரும்கூட.

அவர் பெயர் உம்ராவ் சிங். ஹரியானாவில் ஜஜ்ஜர் பக்கம் பல்ரா கிராமம். இரண்டாம் உலகப் போரில் பீரங்கிப் படையில் ஹவில்தார். 1944 டிசம்பர் 15, 16 தேதிகளில் பர்மாவின் கலடான் பள்ளத்தாக்கில் அவருடைய பீரங்கியை ஜப்பானியப் படை திரும்பத் திரும்பத் தாக்கியது. கையெறி குண்டுகளால் காயம்பட்ட பிறகும் அவர் இடத்தை விட்டு நகரவில்லை. தோட்டா தீர்ந்தபின் கனத்த இரும்புத் தடியால் போராடினார். ஆறு மணி நேரம் கழித்து நம் வீரர்கள் வந்தபோது, ஏழு பெருங்காயங்களுடன் பீரங்கியருகே மயங்கிக் கிடந்தார். சுற்றிலும் எதிரிகள் பத்துப் பேர் இறந்து கிடந்தார்கள். அந்தப் பத்துப் பேரும் ஏதோ ஒரு தாயின் பிள்ளைகள்தாம். போர் என்றால் அதுதான்.

பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா சிலுவை அவருக்குக் கிடைத்தது. இலண்டன் அரண்மனையில் மன்னரே அணிவித்தார். அதன்பின்? படையிலிருந்து ஓய்வுபெற்று, ஊருக்குத் திரும்பி, ஏறக்குறைய இரண்டு ஏக்கர் குடும்ப நிலத்தில் உழைத்தார். கையில் காசில்லை. அந்தப் பதக்கத்துக்குப் பெருந்தொகை தர ஆள்கள் தேடி வந்தார்கள். அவர் விற்கவில்லை. விற்றால், உடன் நின்று உயிர்விட்ட தோழர்களுக்கு இழுக்கு என்றார். பதக்கம் அவர் கையில் இருந்தது. ஆனால் அது அவருக்கு மட்டும் சொந்தமல்ல.

விவிலியத்தில் நாபோத்து என்றொரு விவசாயி உண்டு. ஆகாபு அரசன் அவருடைய திராட்சைத் தோட்டத்தைக் கேட்டான். வேறு நல்ல தோட்டம் அல்லது பணம் தருவதாகச் சொன்னான். மூதாதையரின் உரிமைச் சொத்தைத் தர நாபோத்து மறுத்துவிட்டார். பிறகு ஈசபேல் ஏவிய பொய்ச் சாட்சிகள் இருவர் அவர்மேல் பழி சுமத்த, கல்லால் எறிந்து கொன்றார்கள். அரசர்கள் முதல் நூல், 21ஆம் அதிகாரத்தை இன்று வீட்டில் வாசியுங்கள். அந்தக் கதையில் நிலத்தை விற்காதவர் ஒருவர். நாவை விற்றவர்கள் இருவர்.

அந்தப் பெரியவருக்கு அடுத்த வாரம் இதைத்தான் சொன்னேன். கடனுக்காகவோ மருத்துவத்துக்காகவோ நிலத்தை விற்பது பாவமல்ல. எத்தனையோ பெற்றோர் அப்படி விற்றுத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். ஆனால் அண்ணன் தம்பிக்குத் தெரியாமல் கையெழுத்து வாங்காதீர்கள். கூடப் பிறந்தவளின் பங்கை மறைக்காதீர்கள். நிலத்துக்கு விலை உண்டு. வார்த்தைக்கு விலை இல்லை. தேர்தல் நேரத்தில் கவரில் வரும் பணத்துக்கும் இதே பதில்தான்.

இன்னொன்றும் உண்டு. விற்க மறுத்தவர் வாய்மூடி இருந்துவிடவில்லை. 1995இல் போர் முடிந்த பொன்விழாவுக்கு உம்ராவ் சிங் இலண்டன் சென்றார். அங்கே பிரதமர் ஜான் மேஜரிடம், நெடுங்காலமாக உயராத ஓய்வுத்தொகையைப் பற்றி நேருக்கு நேர் முறையிட்டார். அவருக்கும், அதே விருது பெற்று உயிரோடிருந்த மற்ற இந்திய வீரர்களுக்கும் தொகை உயர்ந்தது. பெருமையை விற்பது வேறு. உரிமையைக் கேட்பது வேறு. மில்லில் கூலி பாக்கி நிற்கும் தாய்மாரும், முதியோர் உதவித்தொகைக்கு அலையும் பெரியோரும் கூச்சப்பட வேண்டாம். கேளுங்கள். கேட்கத் தெரியாதவர்களுக்குத் துணையாகச் செல்லுங்கள்.

2005 நவம்பரில் உம்ராவ் சிங் இறந்தார். பதக்கம் கடைசிவரை விலைக்குப் போகவில்லை.

ஆண்டவரே, எங்களிடம் நீர் ஒப்படைத்தவற்றுள் எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று பிரித்தறியும் ஞானத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.