முதியோர் மெல்ல எழட்டும்



சற்று முன் நாம் இம்மன்றத்தினுள் நுழைந்தபோது முன்வரிசையில் அமர்ந்திருந்த முதியவர்கள் சட்டென எழுந்து நின்றனர். அவர்களுள் ஒருவர் தள்ளாடி நாற்காலியைப் பற்றிக்கொண்டார். நாம் பேச வந்த பொருளும் அதுவே.

வயதானால் தலை சுற்றத்தான் செய்யும் என்று சொல்லி நாம் விட்டுவிடுகிறோம். அது தவறு. மனிதர் எழுந்து நிற்கும்போது ஏறத்தாழ அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்குகிறது. கழுத்திலும் இதயத்தை ஒட்டியும் உள்ள பெருங்குழாய்களின் நரம்பு முனைகள் இதனை உடனே அறிகின்றன. இதயத் துடிப்பு விரைகிறது, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. முதுமையில் இவ்வேலை மந்தப்படுகிறது. மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது, கண் இருள்கிறது, விழ நேர்கிறது. இடுப்பெலும்பு முறிந்த முதியவர் பலர் மீண்டும் முன்போல் நடப்பதில்லை.

எழுந்த 3 நிமிடங்களுக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது கவனிக்கத்தக்க குறையாகும். நீரிழிவும், வெயிலில் உழைத்து உடலில் நீர் வற்றுவதும், சில மாத்திரைகளும் இதனை மிகுவிக்கும். 2021ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் இரத்த அழுத்தச் சோதனை வீட்டு வாசலுக்கே வந்தது. ஆயினும் அமர்ந்த நிலையில் மட்டும் அளந்தால் இக்குறை புலப்படாது. இளைஞர்களே, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் அளக்குமாறு நீங்கள் கேளுங்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. மருத்துவரிடம் சொன்னால் அவர் அளவை மாற்றித் தருவார்.

உறக்கத்திலிருந்து விழித்தவர் முதலில் எழுந்து அமரட்டும். கால்களைத் தொங்கவிட்டுப் பாதங்களை அசைக்கட்டும். பின்னர் ஒன்றைப் பற்றிக்கொண்டு நிற்கட்டும். மயக்கம் தோன்றினால் உடனே அமர்ந்துவிட வேண்டும். இரவில் வெளியே செல்லும் வழியில் விளக்கு எரியட்டும்.

இன்னும் ஒன்று. நம் பெரியோர், கூலி கொடுப்பவர் தெருவில் வந்தால் திண்ணையிலிருந்து எழுந்தாக வேண்டும் என்ற கொடுமையில் வளர்ந்தவர்கள். அக்கட்டளை சட்டப்படி ஒழிந்த பின்னும், வெள்ளைச் சட்டையைக் கண்டால் அவர்கள் உடல் தானே எழுகிறது. அந்த அச்சத்தைப் போக்கவே நாம் கல்வி கற்றோம். கற்றவர்களான நமக்காகவும் அவர்கள் எழுவதா? இனி எந்த முதியவரும் நமக்காக எழ வேண்டா. நாமே அவர்களிடம் சென்று அருகில் அமர்வோம்.